ஒரு நாள் தவறினால் ஒரு வாரமே போய்விடுகிறது: எப்படித் தொடர்வது?

கேள்வி

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 41. ஐந்து மாதத்துக்கு முன்னால் 84 கிலோ இருந்தேன். முட்டிவலி ஆரம்பித்ததும் டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னார். முதல் எட்டு வாரத்தில் 78 வரை வந்துவிட்டேன். அதற்கப்புறம் 79, 77.6, மறுபடியும் 79 என்று அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

என்ன சாப்பிட வேண்டும், எவ்வளவு நடக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதைக் கேட்க வரவில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் ஒழுங்காகப் போகும், அப்புறம் ஒரே நாளில் எல்லாம் கலைந்துவிடும். போன செவ்வாய்க்கிழமை வேலையில் நாள் முழுக்க இழுபறி. இரவு பத்தரை மணிக்கு, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, விளக்குகூடப் போடாமல் ஃப்ரிட்ஜைத் திறந்து, நின்றபடியே இனிப்பு டப்பாவில் பாதியைக் காலி செய்தேன். பசியே இல்லை. மறுநாள் காலை எடை பார்த்தால் 1.3 கிலோ கூடியிருந்தது. அழுகையே வந்துவிட்டது. சரி, திங்கட்கிழமை புதிதாகத் தொடங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஞாயிறு வரை கணக்கில்லாமல் சாப்பிட்டேன், நடக்கவும் போகவில்லை. திங்கட்கிழமை வந்தது, தொடங்கவில்லை. இப்படி ஆவது இது நான்காவது தடவை. இதைத் தாண்டி வந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

பதில் 1

எனக்குக் கைகொடுத்தது துணைதான். என் தம்பி மனைவியும் நானும் சேர்ந்து நடக்கிறோம். காலை 5.45-க்கு வாசலில் வந்து நிற்பாள். எனக்காக எழுந்திருப்பதை விட, அவள் தனியாக நிற்பாளே என்று எழுந்த நாட்கள்தான் அதிகம். ஒருவரைப் பிடியுங்கள்.

பதில் 2

சகோதரி, நான் 19 கிலோ குறைத்தேன். நான்கு வருடமாக அதைக் காப்பாற்றியும் வருகிறேன். அதற்கு முன்னால் ஆறு வருடம் உங்களைப் போலவே திங்கட்கிழமைகளுக்காகக் காத்திருந்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 1.3 கிலோ. ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி. ஒரே இரவில் 1.3 கிலோ கொழுப்பு ஏற வேண்டுமானால், தேவைக்கு மேல் பத்தாயிரம் கலோரி உள்ளே போயிருக்க வேண்டும். அரை டப்பா இனிப்பில் அது வராது. நீங்கள் பார்த்ததில் பெரும்பகுதி தண்ணீர். மாவுச்சத்தும் சர்க்கரையும் கிளைக்கோஜனாக (உடம்பு சேமித்து வைக்கும் சர்க்கரை) மாறும்போது, ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். உப்பு கூடினாலும் உடம்பில் நீர் தங்கும். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் சில நாளில் இறங்கிவிடும். செவ்வாய்க்கிழமை பதினைந்து நிமிடம் உங்களைக் கெடுக்கவில்லை. புதன் முதல் ஞாயிறு வரையிலான ஐந்து நாள்தான் கெடுத்தது.

பழக்கம் எப்படி உருவாகிறது என்று லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2010-இல் வெளியானது. ஒரு பழக்கம் தானாக நடக்கும் அளவுக்குப் பதிய சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள்கூட ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். எனக்கு ஆறுதல் தந்தது இன்னொரு விஷயம்: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவதில் பெரிய பாதிப்பு வரவில்லை.

அதைப் படித்த பிறகு தவறாமல் இருப்பதை விட்டுவிட்டு, சீக்கிரம் திரும்புவதைப் பழகினேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். எடை எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டு, ‘திரும்ப எத்தனை வேளை’ என்று தலைப்பு எழுதினேன். தவறிய பிறகு எத்தனையாவது வேளையில் ஒழுங்கான சாப்பாட்டுக்கு வந்தேனோ அந்த எண் மட்டும். முதல் பக்கத்தில் 11 இருக்கிறது. அடுத்தது 14, அதை எழுதும்போது கை கூசியது. அப்புறம் 6, 7, 4. எட்டாவது பக்கத்தில்தான் முதன்முதலாக 1 வருகிறது, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். முதல் நாள் அதிகம் சாப்பிட்டதற்காக மறுநாள் பட்டினி கிடக்காதீர்கள். காலையில் நான் விட்ட சாப்பாட்டை மாலையில் இரண்டு மடங்காகச் சாப்பிட்டிருக்கிறேன். எடையையும் ஏழு நாள் சராசரியாகப் பாருங்கள்.

கேட்டவர்

அண்ணா, உங்கள் பதிலை இரண்டு முறை படித்தேன். நோட்டு இன்றே போடுகிறேன். ஆனால் அந்தப் பத்தரை மணியை என்ன செய்வது? இரவில் பெரும்பாலும் ஐந்து மணி நேரம்தான் தூங்குகிறேன்.

பதில் 3

சிக்கல் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். நான் சுழற்சிமுறை வேலை பார்ப்பவள். 2004-இல் பன்னிரண்டு இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்க விட்டுப் பார்த்தார்கள். பத்து மணி நேரம் படுக்க விட்டபோது இருந்ததை விட, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் 28 சதவீதம் கூடியிருந்தது. போதும் என்று சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் 18 சதவீதம் குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் என் அனுபவமும் அதுவே. நான் இரவுச் சாப்பாடு முடிந்ததும் பல் துலக்கிவிட்டு, சமையலறைக் கதவைச் சாத்திவிடுவேன். பத்து மணிக்கு ஃபோனை வேறு அறையில் வைத்துவிட்டுப் படுத்துவிடுவேன்.

இன்னொன்று, மனம் நோகாமல் கேளுங்கள். பசியில்லாமல், யாருக்கும் தெரியாமல், நிறுத்த முடியாமல் சாப்பிடுவது வாரம் ஒரு தடவையாவது நடந்து, சில மாதமாகத் தொடர்ந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அது மன உறுதிக் குறைவு இல்லை. அதற்குச் சிகிச்சை இருக்கிறது, எனக்கே உதவியிருக்கிறது.

கேட்டவர் (மூன்று வாரம் கழித்து)

ஏழு நாள் சராசரி 78.1. பெரிய மாற்றம் இல்லை. இரண்டு தடவை தவறினேன். நோட்டில் 5, 2 என்று இருக்கிறது. இரண்டாவது தடவை சனிக்கிழமை மதியம், ஞாயிறு காலையில் திரும்பிவிட்டேன். அன்று எடை பார்க்கவில்லை, நடக்கப் போனேன். டாக்டரிடம் வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். அந்த இரவு விஷயத்தை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போகிறேன், நேரில் போனால் சொல்ல வராது.