அப்பாவின் கைபேசிப் படங்களில் தேதி தவறாக இருக்கிறது, திருத்தலாமா?

தாழங்கரை:
2009 இறுதிப் போரின்போது முல்லைத்தீவு வலைஞர்மடத்தில் அப்பா எடுத்த பதினொரு படங்கள் என்னிடம் இருக்கின்றன. போர்ப் பகுதியை விட்டு வெளியேற வட்டுவாகல் பாலம் கடக்கும்போது மெமரி கார்டு என் பாவாடை மடிப்புக்குள் இருந்தது. அப்பா இப்போது இல்லை. மோட்டார் சைக்கிள் பற்றரியில்தான் கைபேசிக்குச் சார்ஜ் ஏற்றுவோம். அது அடிக்கடி செத்துப்போகும், மணிக்கூடும் பழையபடி தொடங்கும். அதனால் எல்லாப் படங்களிலும் 2004 ஜனவரி. இதை யார் நம்புவார்கள்? சரியான தேதியைப் போட்டு ஓர் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்கலாமா?

மண்சட்டி:
தங்கச்சி, தொடவே வேண்டாம். 2009 ஆகஸ்ட் 25 அன்று பிரித்தானியத் தொலைக்காட்சி சேனல் 4, கட்டப்பட்டவர்களை இராணுவத்தினர் சுடுவதாகக் காட்டும் கைபேசிக் காணொளியை ஒளிபரப்பியதே, அதிலும் இதே தலைவலிதான். நடந்தது ஜனவரியில் என்றார்கள், கோப்பு ஜூலையைக் காட்டியது. இலங்கை அரசு அதைப் போலி என்றது. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் மூன்று நிபுணர்களை வைத்து ஆராய்ந்து, அது உண்மையானதாகவே தெரிகிறது என்று 2010 ஜனவரியில் சொன்னார். தேதிக்கு விளக்கம் கிடைக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். தவறான தேதியை விளக்கலாம். திருத்திய தேதியை விளக்க முடியாது.

பழையபெட்டி:
காப்பகத்தில் வேலை செய்கிறேன். கார்டு அடாப்டரின் ஓரத்தில் சிறு பூட்டு இருக்கும். கார்டில் எதுவும் மாறாதபடி அதைப் பூட்டும் பக்கம் தள்ளிவிட்டுப் பிரதி எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், படத்தைச் சுருக்கி, கோப்புக்குள் பதிந்திருக்கும் தேதி போன்ற உள்விவரத்தையும் அழித்துவிடும். கண்டதையும் கேட்டதையும் தனித்தனியாக எழுதுங்கள். முகம் தெரிகிறவர்களின் உறவினர் ஊரில் இருந்தால் வெளியிடுமுன் இருமுறை யோசியுங்கள். ஒரு படத்தின் நாள் உறுதியானாலும் போதும். இடையில் மணிக்கூடு மறுபடி தொடங்கியிராவிட்டால் மற்றவற்றைக் கணக்குப் போட்டுவிடலாம்.

தாழங்கரை:
நன்றி அண்ணா, அக்கா. நேற்று அம்மாவிடம் படங்களைக் காட்டினேன். பங்கர் வாசலில் சேலை மூட்டைகள் அடுக்கிய படத்தில் நின்றுவிட்டார். மற்றச் சேலைகளை எல்லாம் முன்பே கிழித்து மண் நிரப்பியாயிற்றாம். கல்யாணக் கூறைச் சேலையை மட்டும் வைத்திருந்தாராம். பக்கத்து மாத்தளனுக்குள் இராணுவம் வந்த மறுநாள் காலை அதையும் கிழித்தாராம். ஏப்ரல் 21. நான் கேட்காமலே சொன்னார். அது கிழிந்தது எனக்கு இத்தனை வருடமாகத் தெரியாது, தொலைந்துபோனது என்றுதான் சொல்லியிருந்தார்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலிருந்து இரண்டாவது மூட்டையில் சரிகைக் கரை தெரிகிறது.