மலாவியிலிருந்து மருத்துவ ஊழியக் குடும்பம் திரும்புகிறது: சபை என்ன ஏற்பாடு செய்யணும்?

செயலர்_பாளை
அனைவருக்கும் தோத்திரம். எங்கள் சபை அனுப்பிய குடும்பம், மலாவித் தலைநகர் லிலோங்வேக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பத்து மாதம் ஊழியம் முடித்து, வரும் 14-ம் தேதி அடிஸ் அபாபா வழியாக வருகிறது. அவர் சர்ஜன், மனைவி ஆசிரியை, பிள்ளைகளுக்கு வயது 9, 5. மலேரியா வராமல் இருக்கப் பெரியவர்கள் டாக்சிசைக்ளினும் பிள்ளைகள் மெஃப்ளோக்வினும் சாப்பிடுகிறார்கள். போன வாரம் மலாவி ஏரியில், கேப் மக்ளியர் பக்கம், நால்வரும் குளித்திருக்கிறார்கள். கமிட்டி முடிவு இது: மூன்றாம் நாள் மாஸ்டர் ஹெல்த் செக்கப், முதல் ஞாயிறே ஆராதனையில் சாட்சி (ஊழிய அனுபவத்தைச் சபைக்குச் சொல்வது). இதில் எதை மாற்றணும்? எது விட்டுப்போயிருக்கு?

வெப்பமண்டலம்
மூன்றாம் நாள் செக்கப்பை ரத்து பண்ணுங்க. அந்தப் பேக்கேஜில் கொலஸ்ட்ரால் இருக்கும், ஈ.சி.ஜி. இருக்கும், இவங்களுக்கு வேண்டியது ஒண்ணும் இருக்காது. வேண்டியதைச் சேர்த்தாலும் அவ்வளவு சீக்கிரம் எடுத்தா 'ஒண்ணுமில்லை'ன்னுதான் ரிப்போர்ட் வரும். அதை நம்பி எல்லாரும் விட்டுடுவாங்க, அதுதான் ஆபத்து.

மாத்திரை முதல்ல. ஊருக்கு வந்தாச்சுன்னு நிறுத்தறதுதான் வழக்கமான தப்பு. டாக்சிசைக்ளின் 100 மி.கி. தினமும், மலாவியை விட்ட பிறகு இன்னும் 4 வாரம்: ஆளுக்கு 28 மாத்திரை. பிள்ளைகளுக்கு மெஃப்ளோக்வின் வாரம் ஒரு வேளை, இன்னும் 4 வேளை. இந்த மருந்துகள் ரத்தத்துக்கு வந்த கிருமியைத்தான் கொல்லும். கடைசி நாள் கடித்த கொசுவின் கிருமி ஈரலில் தங்கி அப்புறம்தான் ரத்தத்துக்கு வரும். அதுக்குத்தான் இந்த நாலு வாரம். டாக்சிசைக்ளினை ஒரு டம்ளர் தண்ணியோட விழுங்கி அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கணும். விழுங்கின கையோட படுத்தா மாத்திரை தொண்டைக்குழாயிலேயே ஒட்டிப் புண்ணாக்கிடும்.

அடுத்த 3 மாதத்துக்குள்ள யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே மலேரியா ஸ்மியர் (ரத்தத்துளியைக் கண்ணாடியில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிற சோதனை). மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டிருந்தாலும்தான். நம்ம ஊர்ல டெங்கு, டைபாய்டு பார்த்துட்டுத்தான் மலேரியாவுக்கு வருவாங்க. ஃபால்சிபாரம்ங்கற ஆபத்தான மலேரியா வகை அவ்வளவு நேரம் தராது. ஓ.பி. சீட்டில் முதல் வரியாக 'மலாவியிலிருந்து இந்தத் தேதி வந்தவர்'னு எழுதச் சொல்லுங்க. முதல் ஸ்மியர் நெகட்டிவ்னா 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் இன்னும் ரெண்டு தடவை எடுக்கணும். சிகிச்சையில சல்ஃபாடாக்சின்-பைரிமெத்தமின் சேர்ந்த மருந்து தந்தா, அங்கத்திய கிருமி அதுக்கு மசியறதில்லைன்னு டாக்டரிடம் சொல்லி ஆர்டிமெதர்-லுமெஃபான்ட்ரின் கேளுங்க. வாந்தி, மயக்கம், குழப்பமான பேச்சு இருந்தா மாத்திரையே வேண்டாம். அட்மிட் பண்ணி ஆர்டிசுனேட் ஊசி.

ஆய்வக_அக்கா
டாக்டர் சொன்னதோடு ஒன்று. ரேபிட் கார்டு (கோடு விழுதா என்று பார்க்கும் உடனடி மலேரியா சோதனை) மட்டும் போட்டு முடிவு கட்ட வேண்டாம். கிளம்பும் முன் அங்கே மலேரியாவுக்கு மருந்து எடுத்த பிள்ளை என்றால், கிருமி செத்த பிறகும் பல வாரம், கிருமியின் ஹெச்.ஆர்.பி.-2 புரதத்தைப் பார்க்கும் கார்டில் கோடு விழும். ஸ்மியர்தான் பேசும்.

இப்போது ஏரி. கேப் மக்ளியர் பில்ஹார்சியா என்ற புழுநோய்க்குப் பேர்போன இடம். நத்தையிலிருந்து வரும் புழு தண்ணீரில் நிற்கும்போதே தோல் வழியாக ஏறிவிடும். நீந்தியிருக்க வேண்டும் என்பதில்லை. அது வளர்ந்து முட்டையிட வாரக்கணக்காகும். அதனால் கடைசியாகக் குளித்த நாளிலிருந்து எண்ணுங்கள், விமானம் இறங்கிய நாளிலிருந்து அல்ல. 12 வாரம் கழித்துச் சோதனை. சிறுநீரைக் காலை 10 மணிக்கும் பகல் 2 மணிக்கும் நடுவில் பிடிக்கணும். முட்டை அதிகம் இறங்குவது அப்போதுதான். விடியற்காலை சாம்பிளை வாங்கி 'நெகட்டிவ்' எழுதிவிடுவார்கள், உஷார். மலமும் பார்க்கணும், சிறுநீரில் முட்டை விடுவது, மலத்தில் விடுவது என்று அங்கே இரண்டு வகைப் புழுவும் உண்டு. தெருமுனை லேபில் இதைப் பார்த்துப் பழக்கம் இருக்காது. மருத்துவக் கல்லூரி மைக்ரோபயாலஜி துறையில் முன்பே சொல்லி வைத்துக் கொடுங்கள்.

மருந்து பிராசிகுவான்டெல், வழக்கமாக எடைக்குக் கிலோவுக்கு 40 மி.கி., ஒரே நாள். 60 கிலோ ஆளுக்கு 600 மி.கி. மாத்திரை நான்கு, சாப்பாட்டோடு. மெல்லக் கூடாது, அவ்வளவு கசப்பு. முன்கூட்டியே கொடுத்தால் வீண். வளர்ந்த புழுவைத்தான் அது கொல்லும், குஞ்சு தப்பிவிடும். நடுவில் காய்ச்சல், இருமல், உடம்பெல்லாம் தடிப்பு என்று வந்தால் அது இந்தப் புழுவின் ஆரம்பக் கட்டமாகவும் இருக்கலாம். ஆனாலும் மலேரியா ஸ்மியர்தான் முதலில்.

சர்ஜனுக்கு நோயாளிக்குப் போட்ட ஊசி கையில் குத்தியிருக்கா என்று யாராவது நேரடியாகக் கேளுங்கள். குத்தியிருந்தால் ஹெச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை 28 நாள். பயணத்தில் ஒரு வேளை கூடத் தவறக் கூடாது, ஹேண்ட் லக்கேஜில் இருக்கட்டும். பிறகு 6 வாரத்திலும் 3 மாதத்திலும் ரத்தப் பரிசோதனை. ஊருக்கெல்லாம் சொல்லும் டாக்டர் வீட்டில்தான் இதெல்லாம் தள்ளிப்போகும்.

நாசரேத்காரர்
மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை நால்வரிடமும் இருக்கிறதா? மலாவிக்கு வேண்டாம், ஆனால் வழியில் விமானம் மாறும் அடிஸ் அபாபா இருக்கும் எத்தியோப்பியா, அந்த அட்டை கேட்கும் இந்தியாவின் பட்டியலில் இருக்கிறது. விமான நிலையத்தை விட்டு வெளியே போகாதவர்களுக்கு விலக்கு உண்டு என்றாலும் அதை முடிவு செய்வது சுகாதார அதிகாரி. கனெக்‌ஷன் தவறி இரவு ஓட்டலில் தங்கினால் அந்த விலக்கும் போச்சு, ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டு 10 நாள் கழிந்த பிறகே அட்டை செல்லும்.

கொடியில் காய்ந்த துணி இன்னொரு விஷயம். அங்கத்திய புட்சி ஈ ஈரத்துணியில் முட்டையிடும். போட்டுக்கொண்டால் புழு தோலுக்குள் போய்விடும். கடைசி நேரத்தில் அள்ளித் திணித்த துணியை, தையல், இலாஸ்டிக் உட்பட, இருபுறமும் சூடாக இஸ்திரி போடுங்கள். நடுவில் சின்னத் துளையோடு கொப்பளம் வந்து உள்ளே ஏதோ நெளிகிற மாதிரி இருந்தால் ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. வாசலினைத் தடிமனாக அப்பி வைத்தால் மூச்சுக்கு முட்டி புழு தலைகாட்டும். அப்போது இரு பக்கமும் விரலால் அழுத்தினால் முழுசாக வரும். கீறினால் புழு கிழிந்து சீழ் வைக்கும்.

சாட்சி மூன்றாம் ஞாயிறுக்கு மேல் இருக்கட்டும். முதல் வாரம் அவர்களே குழம்பியிருப்பார்கள்; மேடையில் ஏற்றினால் சபை கேட்க விரும்புவதைத்தான் பேசுவார்கள். போதகர் ஐயாவோ மூப்பர் ஒருவரோ முதலில் வீட்டில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் ரத்தம் இல்லாமல் போன கேஸ்கள், செத்த பிள்ளைகள், இதெல்லாம் அங்கே பேச வேண்டியவை. படங்களில் நோயாளி முகம் இருந்தால் அவர் சம்மதம் வேண்டும், இல்லையென்றால் திரையில் வேண்டாம்.

செயலர்_பாளை
நன்றி. செக்கப்பை ஏரியில் குளித்த நாளிலிருந்து 12 வாரத்துக்குத் தள்ளியாச்சு, சாட்சி நான்காம் ஞாயிறு. பிள்ளைகள் பள்ளி? சின்னவன் இன்னும் 'ஸிகோமோ' என்றுதான் நன்றி சொல்கிறானாம், சோற்றுக்கு 'ந்சிமா' கேட்கிறானாம்.

நாசரேத்காரர்
கேட்டால் கிண்டிக் கொடுங்கள். நம் களி மாதிரிதான், ஆனால் வெள்ளை மக்காச்சோள மாவு வேண்டும். மஞ்சள் மாவில் அந்த ருசி வராது. முதலில் மாவைத் தண்ணீரில் கரைத்துக் கஞ்சியாக்கி, கொதித்த பிறகு மீதி மாவைத் தூவிக் கிண்டணும். பள்ளி ஒரு வாரம் கழித்து, முதலில் அரை நாள். வகுப்பு ஆசிரியையிடம் மலேரியா விஷயத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பள்ளியில் காய்ச்சலடித்தால் பாரசிட்டமால் கொடுத்து உட்கார வைக்காமல் உடனே வீட்டுக்குப் போன் போடணும்.