அந்த ஒரு மா எங்கே போனது? (அமானுஷ்ய நாவல் படித்து ஏமாந்தவர்கள் இங்கே வாங்க)

காரைக்குடிக்காரி:

மூன்று ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஒரு அமானுஷ்ய மர்ம நாவலைப் படித்து முடித்தேன். கடைசிப் பக்கத்தில் அதைத் தூக்கிச் சுவரில் எறியலாம் போல இருந்தது. 380 ரூபாய் கொடுத்து வாங்கியது என்பதால் எறியவில்லை. நாவலின் பெயரும் எழுதியவர் பெயரும் வேண்டாம். படித்தவர்களுக்குத் தானாகப் புரிந்துவிடும்.

கதை எங்கள் ஊர்ப் பக்கத்து வீடு ஒன்றில் நடக்கிறது. வீட்டை எழுதுவதில் மனுஷர் ஒரு தப்புகூடப் பண்ணவில்லை. முகப்பு, வளவு (நடு முற்றம்), இரண்டாம் கட்டு, பூட்டியே கிடக்கும் அறைகள், வெறுங்காலில் ஆத்தங்குடிக் கல்லை மிதித்தால் வருகிற ஜில்லிப்பு, மத்தியானம் வளவுக்குள் வெயில் எந்தத் தூண்வரை வரும் என்பது, எல்லாம் அச்சு அசல். முதல் ஐம்பது பக்கம் எனக்கு ஊருக்குப் போய் வந்த மாதிரி இருந்தது.

மர்மம் இதுதான். அந்த வீட்டுக்காரர்களுக்கு ரங்கூனில் வட்டிக்கடை. 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் ரங்கூன்மேல் குண்டு போட்டதும் ஊரே காலி ஆகிறது. கடையின் கணக்குப்பிள்ளை பேரேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தே கிளம்புகிறார். பேரேடு ஊர் வந்து சேர்கிறது, அவர் வந்து சேரவில்லை. எண்பது வருஷம் கழித்து அமாவாசைதோறும் அந்தப் பேரேட்டில் ஒரு புதுப் பற்று எழுதப்பட்டிருக்கிறது. மை ஈரமாக இருக்கிறது. கையெழுத்து அவருடையது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. நான் ஆடிட்டர் ஆபீஸில் பதினாலு வருஷமாகக் கணக்கு எழுதுகிறவள். பேய் கழுத்தைக் கடித்தால் எனக்குப் பயம் வராது. பேய் கணக்கு எழுதினால் வரும்.

61ஆம் பக்கத்தில் ஒரு பற்றை அப்படியே போட்டிருக்கிறார்கள். கால், அரைக்கால், மாகாணி, காணி, கீழே கோடு போட்டு மொத்தம், தமிழ் எண்ணில்: ௮ மா. இந்தப் பழைய பின்னக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஐயாவிடம் போனேன். வயது 86, திண்ணைப் பள்ளியில் எண்சுவடி மனப்பாடம் பண்ணியவர். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவே இல்லை, இடது கை விரலை மடக்கிக்கொண்டே சொன்னார்: "ஒரு மான்னா இருபதில் ஒண்ணு. கால் அஞ்சு மா. அரைக்கால் ரெண்டரை. மாகாணி ஒண்ணே கால். காணி கால் மா. ஆக ஒம்பது. என்ன போட்டிருக்கான்?"

எட்டு என்றேன்.

மோர் ஊற்றப் போன கை நின்றுவிட்டது. "கணக்குப்பிள்ளை ஒரு மா விடமாட்டான். விட்டிருந்தா வேணும்னே விட்டிருக்கான்."

அதற்கப்புறம் நான் படித்தது வேறு கதை. செத்துப்போன ஒருவர் எண்பது வருஷமாக ஏதோ சொல்ல வருகிறார், அதை அந்தக் குறைகிற ஒரு மாவில் வைத்திருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். அவர்மேல் திருட்டுப் பட்டம் கட்டியிருப்பார்களோ? ஐந்தொகையில் (வருஷக் கணக்கு முடிப்பில்) முதலாளியே கை வைத்திருப்பாரோ? ஒவ்வொரு அத்தியாயத்திலும் பென்சிலோடு உட்கார்ந்தேன். காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டு படித்து இரண்டு தடவை ஸ்டாப்பைத் தவறவிட்டேன்.

கடைசி ஒன்பது பக்கம். டில்லியிலிருந்து ஒரு விஞ்ஞானி வருகிறார். அதுவரை அவர் பெயர்கூட நாவலில் இல்லை. எல்லாரையும் வளவில் உட்காரவைத்து, உலாவிய உருவம் 'ஹோலோகிராம்' என்கிறார். பங்காளி ஒருவன் வீட்டை விலைக்கு வாங்கப் போட்ட திட்டமாம். போலீஸ் வருகிறது, கைது, சுபம்.

பேரேட்டில் எழுதியது யார்? ஹோலோகிராம் மை தொட்டு எழுதுமா? ஒரு வரி இல்லை. அந்த ஒரு மாவைப் பற்றி மூச்சே இல்லை. பேய் இருக்கிறது என்று முடித்திருந்தாலும் ஒத்துக்கொண்டிருப்பேன், இல்லை என்று முடித்திருந்தாலும் சரிதான். கணக்கைப் பாதியில் விட்டுவிட்டுக் கடையைச் சாத்தினால் எப்படி?

இப்படி ஏமாந்தவர்கள் சொல்லுங்கள். தனியாகப் புலம்ப அலுப்பாக இருக்கிறது.

—

மொட்டைமாடி:

அக்கா, நானும் இதைப் படித்துத் தொலைத்தேன். எனக்கு வயிற்றெரிச்சல் அந்தச் சுரங்கம். கிணற்றுக்குள் ஒன்று, பூஜை அறைக்குப் பின்னால் ஒன்று, ஊருணிக்கு ஒன்று. மூன்று! 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்து விதி போட்டார். அமானுஷ்யத்தை வைத்து முடிச்சை அவிழ்க்காதே என்பது இரண்டாவது. ரகசிய வழி ஒன்றுக்கு மேல் கூடாது என்பது மூன்றாவது. துப்பறிகிறவருக்குக் கிடைக்கிற தடயத்தை வாசகருக்கும் உடனே காட்டிவிடு என்பது எட்டாவது. பாதிரியார் பாதி விளையாட்டாகத்தான் எழுதினார். நம்ம ஆள் இரண்டாவதை மட்டும் கட்டளையாக எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் மீறியிருக்கிறார்.

டில்லி விஞ்ஞானி பையிலிருந்து ஒரு ரிப்போர்ட்டை எடுப்பாரே, அதை நமக்கு எப்போது காட்டினார்கள்?

—

பனங்காய்:

நான் யாழ்ப்பாணம். எங்களுக்கு 90களில் கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் தங்க விலை. ஜாம் போத்தல் விளக்குத்தான். போத்தலுக்கு அடியில் கொஞ்சம் பஞ்சு, எண்ணெயில் நனைத்த சின்னத் திரி. காற்றுக்கு அணையாது, எண்ணெயும் அதிகம் குடிக்காது. வெளிச்சமும் அதற்கேற்ற மாதிரித்தான், ஒரு ஆளுக்கு மட்டும் எழுத்துத் தெரியும்.

தமிழ்நாட்டு மாத நாவல் ஒன்று கை மாறிக் கை மாறி எங்களிடம் வந்தது. அட்டை இல்லை, பெயரும் தெரியாது. விளக்கு ஒன்று என்பதால் அண்ணா வாசிக்க, நாங்கள் நாலு பேர் பாயில் படுத்துக் கேட்போம். பாழடைந்த பங்களா, வெள்ளைச் சேலை, இரவில் கொலுசுச் சத்தம். அம்மம்மா 'உதுகள் வாசியாதேங்கோ' என்று ஏசுவா. பிறகு சத்தம் போடாமல் தானும் தள்ளிப் படுத்துக் காது கொடுப்பா. வெளியே போக எல்லாருக்கும் பயம், கிணற்றடிக்கு மூன்று பேராகப் போவோம்.

ஐந்தாம் நாள் முடிந்தது. வெள்ளைச் சேலைக்குள் இருந்தது கடத்தல்காரன். தங்கக் கட்டியைப் பங்களாவில் ஒளித்து வைத்துவிட்டு, ஊரைப் பயங்காட்டக் கொலுசு கட்டிக்கொண்டு திரிந்தானாம். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. இருட்டுக்குள் இருந்து அம்மம்மாவின் குரல்தான் வந்தது: "இதுக்கே என்ரை எண்ணெயை எரிச்சனீங்கள்?"

அதற்குப் பிறகு அண்ணா எந்தப் பேய்க்கதை கிடைத்தாலும் கடைசி அத்தியாயத்துக்கு முன்னாலேயே புத்தகத்தை மூடிவிடுவான். விளக்கை அணைத்துவிட்டுத் தன்ரை முடிவைச் சொல்லுவான், எண்ணெயும் மிச்சம். அண்ணாவின் பேய்கள் ஒருநாளும் கடத்தல்காரர் ஆனதில்லை.

—

மேடைவெளிச்சம்:

நாடகம், கல்யாண மேடை, கோயில் திருவிழா என்று லைட் போடுகிற தொழில் எனக்கு. ஹோலோகிராம் என்ற வார்த்தையை நாவலில் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. டென்னிஸ் கேபர் அதற்கு 1971இல் நோபல் பரிசு வாங்கினார். அது ஒரு தகட்டில் பதிவாகிற விஷயம். அந்தத் தகட்டைப் பார்த்தால்தான் உருவம் தெரியும். வெட்டவெளியில் நடந்துபோய்க் கதவைத் தட்டாது. மேடையில் 'ஹோலோகிராம்' என்று நாங்கள் காட்டுவது பெரும்பாலும் கண்ணாடியோ மெல்லிய ஃபிலிமோ சாய்த்து வைத்து அதில் விழுகிற பிம்பம். 1862இல் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் செய்து காட்டிய அதே வித்தை. அதற்குப் பெரிய கண்ணாடி வேண்டும், பார்க்கிறவன் சரியான பக்கம் உட்கார வேண்டும், சுற்றிலும் இருட்டு வேண்டும். வளவு நடுவில் இதையெல்லாம் யார் கண்ணிலும் படாமல் எந்தப் பங்காளி மாட்டுவான்? நான் கொட்டேஷன் போட்டால் அவன் வீட்டை வாங்குகிற ஆசையையே விட்டுவிடுவான்.

சுஜாதா 'கொலையுதிர் கால'த்தில் ஹோலோகிராமைக் கொண்டுவந்தார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கே துப்பறிகிற வக்கீல் கணேஷ் அறிவியல் பக்கம், அவர் ஜூனியர் வசந்த் பேய் பக்கம் என்று கடைசிவரை இழுபறி இருக்கும். பின்னால் வந்தவர்கள் இழுபறியை விட்டுவிட்டு வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

விளக்கம் பேயைவிட சுவாரசியமாக இருக்க வேண்டும், என் கட்சி அதுதான். இங்கிலாந்தில் விக் டாண்டி என்ற எஞ்சினியர் ராத்திரி லேபில் தனியாக வேலை பார்க்கும்போது உடம்பு சில்லிட்டு, ஓரக்கண்ணில் சாம்பல் நிறமாக ஏதோ நிற்பதைப் பார்த்தார். திரும்பினால் இல்லை. மறுநாள் வாள்சண்டைப் போட்டிக்கான கத்தியைச் சரிபார்க்க வைஸில் பிடித்து வைத்தபோது அது தானாக அதிர்ந்தது. தேடிப்போனால், புதிதாக மாட்டிய ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். காதுக்குக் கேட்காத, சுமார் 19 ஹெர்ட்ஸ் அதிர்வு. 1998இல் கட்டுரையாகவே எழுதினார். இதை வைத்து யாராவது நாவல் எழுதினால் காசு கொடுத்து வாங்குகிறேன்.

—

பழையகம்பாசிட்டர்:

எல்லாரும் எழுத்தாளரையே திட்டுகிறீர்கள், கொஞ்சம் அச்சாபீஸ் பக்கமும் வாருங்கள். முப்பது வருஷம் இருந்தேன். ஈய எழுத்தில் ஆரம்பித்து கம்ப்யூட்டர் டிடிபியில் முடித்தேன். மாத நாவல் என்றால் பதினாறு பக்கம் ஒரு ஃபாரம், இத்தனை ஃபாரம்தான் என்று கணக்கு. முதல் நாலு ஃபாரம் மெஷினில் ஓடிக்கொண்டிருக்கும், மிச்சக் கதை எழுத்தாளர் வீட்டில் இருக்கும். பையன் சைக்கிளில் போய்க் காத்திருப்பான். கடைசி ஃபாரத்துக்கு மேட்டர் வரும்போது பத்து பேரை ஒரே ஹாலில் உட்காரவைத்திருப்பார். வேறு என்ன செய்வார், இடம் அவ்வளவுதான். இரண்டாம் ஃபாரத்தில் வைத்த தடயம் அவருக்கே மறந்துபோயிருக்கும். திருப்பிப் பார்க்க அவரிடம் பிரதி ஏது? கையெழுத்துப் பிரதியும் எங்களிடம், ப்ரூஃபும் எங்களிடம். தொடர்கதைக்கும் இதே கதிதான்.

அம்மா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த 61ஆம் பக்கம், உங்களிடம் இருப்பது எத்தனையாவது பதிப்பு? மறுபதிப்பு என்றால் புதிதாக டைப் அடித்திருப்பார்கள். ௮ (எட்டு), ௯ (ஒன்பது) வித்தியாசம் தெரிந்த ஆபரேட்டரை நான் இதுவரை பார்த்ததில்லை. ப்ரூஃப் பார்க்கிறவருக்கும் தெரியாது.

—

காரைக்குடிக்காரி:

மூன்றாம் பதிப்பு. ஐயோ, அப்படியும் இருக்குமோ? முதல் பதிப்பு வைத்திருக்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

—

பரண்:

என்னிடம் இருக்கிறது. லெண்டிங் லைப்ரரி ஒன்றை மூடியபோது கிலோக் கணக்கில் வாங்கியது. இப்போதுதான் தூசி தட்டி எடுத்தேன். பக்க எண் வேறு, 58இல் வருகிறது. ௯ மா என்றுதான் இருக்கிறது. கணக்கு சரி. மன்னிக்கவும்.

—

காரைக்குடிக்காரி:

சரி. ஆக, அந்த நாவலிலேயே நல்ல தடயம் என்று நான் நினைத்ததை எழுத்தாளர் வைக்கவே இல்லை. நான் மூன்று ராத்திரி துரத்தியது ஒரு டைப்பிங் பிழையை. டில்லி விஞ்ஞானியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்று யோசித்தேன். வேண்டாம், ஈர மைக்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஐயாவிடம் போய்ச் சொன்னேன். பல் இல்லாத வாயால் சத்தம் போட்டுச் சிரித்தார். "அப்ப அந்த ஒரு மாவை எடுத்தவன் அச்சாபீஸ்காரனா?" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, தன் பாட்டுக்கு, "இல்ல, அவன் வேணும்னேதான் விட்டிருக்கான்" என்றார்.

புத்தகத்தைப் பழைய பேப்பரோடு எடைக்குப் போடக் கட்டி வைத்திருந்தேன். கட்டைப் பிரித்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். இரண்டு நாளாகப் படிக்கிறார். 61ஐத் தாண்டவில்லை.