பேனலில் 800, உலைக்குள் 850: கேபிளை மாற்றியும் பிழை கூடிவிட்டது

உலைக்காரன்:
வணக்கம். இரும்பு உதிரிகளைப் பதப்படுத்தும் மின் உலை ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். உள்ளே கே வகை தெர்மோகப்பிள் (இரு வேறு உலோகக் கம்பிகளை இணைத்துச் செய்த வெப்ப உணரி). அதன் கம்பிகள் முடியும் தலைப்பெட்டியிலிருந்து, கண்ட்ரோலர் இருக்கும் பேனலுக்கு 12 மீட்டர். இதுவரை சாதாரணச் செம்புக் கம்பியே ஓடிக்கொண்டிருந்தது. கையடக்க மீட்டரோடு இன்னொரு தெர்மோகப்பிளை நுழைத்துப் பார்த்தேன்: பேனல் 800 டிகிரி காட்டும்போது உள்ளே 825. செம்பு கூடாது என்றார்கள். கே வகைக்குரிய எக்ஸ்டென்ஷன் கேபிளை (தெர்மோகப்பிளைப் போலவே மின்னழுத்தம் தரும் நீட்டிப்புக் கம்பி) வாங்கிப் போட்டேன். இப்போது உள்ளே 850! கண்ட்ரோலரை மாற்றிப் பார்த்தும் அதே கதை. காலையில் உலை ஏறத் தொடங்கும்போது மட்டும் இரண்டும் ஒத்துப்போகின்றன.

பேனல்வாசி:
கண்ட்ரோலரின் ஆஃப்செட்டில் (காட்டும் எண்ணோடு எப்போதும் சேரும் திருத்தம்) 50 கூட்டிவிடுங்கள். முடிந்தது.

கருவிப்பட்டறை:
தயவுசெய்து கூட்டாதீர்கள். காலையில் 50 அதிகமாகக் காட்டும். நேரத்துக்கு நேரம் மாறும் பிழையை ஒரே எண்ணால் அடைக்க முடியாது. தலைப்பெட்டியில் எவ்வளவு சூடு, பேனலுக்குள் எவ்வளவு? கேபிள் என்ன நிறம், எது பிளஸில் இருக்கிறது?

உலைக்காரன்:
தலைப்பெட்டி 60, பேனல் 35. மஞ்சளும் சிவப்பும். இரு முனையிலும் சிவப்பைத்தான் பிளஸில் கொடுத்தேன்.

கருவிப்பட்டறை:
அங்கேதான் கோளாறு. அமெரிக்க நிறமுறையில் மஞ்சள் பிளஸ், சிவப்பு மைனஸ். பேட்டரி பழக்கத்தில் இதில் மாட்டாதவர் குறைவு; நானும் மாட்டியிருக்கிறேன். (பச்சை, வெள்ளைக் கேபிள் என்றால் பச்சை பிளஸ்.)

கே வகை தன் இரு முனைகளுக்கு இடையிலான சூட்டு வித்தியாசத்தில் டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட் தரும். அந்த வித்தியாசத்தோடு கண்ட்ரோலர் தன் முனையின் 35 டிகிரியை மட்டும் கூட்டி ஈடுசெய்கிறது. செம்பில் 60க்கும் 35க்கும் இடையிலான 25 டிகிரி அளவு மின்னழுத்தம் கணக்கில் சேரவில்லை. கேபிளைத் திருப்பிப் போட்டதால் அந்த 25 சேர வேண்டியதற்குப் பதிலாகக் கழிகிறது. எனவே பிழை 50. காலையில் இரண்டு இடமும் ஒரே சூடு, அதனால் பிழை இல்லை. ஒரு முனையில் மட்டும் மாற்றியிருந்தால் சூடேற ஏற எண் இறங்கியிருக்கும், அன்றே பிடித்திருப்பீர்கள்.

நிறத்தை நம்ப மனமில்லையென்றால் காந்தத்தை வைத்துப் பாருங்கள். கே வகையில் மைனஸ் கம்பிதான் ஒட்டும்.

உலைக்காரன்:
சிவப்புதான் ஒட்டியது. இரு முனையையும் மாற்றினேன். பேனல் 800, மீட்டர் 802. நேற்று 850இல் வெந்த சரக்கைத் தனியே எடுத்துவைத்திருக்கிறேன். கடினத்தன்மை பார்க்காமல் அனுப்பப் போவதில்லை.