பெண் தற்கொலைத் தாக்குதல்: சோதனைச் சாவடியில் பெண்களை நிறுத்தினால் போதுமா?

வைகறை:
ஆண் காவலர் பெண்ணைத் தொட்டுச் சோதிக்க மாட்டார் என்பதை இராக்கில் தாக்குதல் நடத்தியவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். பதிலுக்குச் சாவடிகளில் பெண்கள் நிறுத்தப்பட்டார்கள். அந்த ஏற்பாடு எங்கே சறுக்கியது? பயங்கரவாதத் தடுப்பில் பெண்களின் வேலை சோதனை போடுவது மட்டும்தானா?

மருதன்:
சறுக்கியது சாவடியில் இல்லை, சாவடிக்குப் போகும் வழியில். இராக்கின் ஃபலூஜா நகருக்குள் அமெரிக்க மரைன் படைப் பெண்கள் தங்க இடம் ஒதுக்கப்படவில்லை. காலையில் முகாமிலிருந்து கொண்டுவந்து மாலையில் திரும்பக் கூட்டிப்போனார்கள். நாள்தோறும் அதே பயணம். வேவு பார்ப்பவனுக்கு வேறென்ன வேண்டும்? 2005 ஜூன் 23 அன்று, திரும்பும் லாரிமீது வெடிகுண்டு கார் மோதியது. இறந்த 6 பேரில் 3 பேர் பெண்கள். பெண்களை நியமிக்கும் உத்தரவோடு அவர்கள் உறங்கும் இடமும் கழிப்பறையும் மறைப்புள்ள சோதனை அறையும் சேர்ந்தே வர வேண்டும். இல்லாவிட்டால் ஆபத்தை இடம் மாற்றியதுதான் மிச்சம்.

இன்னொன்று: வெளிநாட்டு வீராங்கனை உடலைச் சோதிப்பார். பேச்சு வழக்கை வைத்து ‘இவள் இந்தப் பக்கத்துப் பெண் இல்லை’ என்று கண்டுபிடிக்க உள்ளூர்க்காரியால்தான் முடியும். ‘இராக்கின் மகள்கள்’ என்று உள்ளூர்ப் பெண்களைச் சேர்த்தது அந்த வகையில் சரியான முடிவு.

கயல்:
ஒரு திருத்தம். குண்டோடு வருகிற எல்லோரையும் ‘தாக்குதலாளி’ என்று சொல்ல முடியாது. வடகிழக்கு நைஜீரியாவில் 2017 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை மட்டும் 83 குழந்தைகள் குண்டு சுமக்க வைக்கப்பட்டதாக ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப் கணக்கிட்டது. அதில் 55 பேர் சிறுமிகள், பெரும்பாலும் 15 வயதுக்குக் கீழே. அவர்கள் பாதிக்கப்பட்டவர்கள். இதன் பின்விளைவு கொடியது: அங்குள்ள போகோ ஹராம் என்ற ஆயுதக் குழுவிடமிருந்து தப்பி வரும் சிறுமியை அவள் ஊரே சந்தேகப்படுகிறது, சேர்த்துக்கொள்ள மறுக்கிறது. பெண் காவலரோடு, அந்தச் சிறுமியின் மொழி பேசும் மனநல ஆலோசகரும் தேவை.

இளவெயினி:
சோதனை தாண்டிய வேலைக்கு மொராக்கோவைப் பாருங்கள். 2003 மே 16 காசாபிளாங்கா குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, 2006இல் 50 பெண்கள் ‘முர்ஷிதாத்’, அதாவது சமய வழிகாட்டிகளாகப் பயிற்சி முடித்தார்கள். பட்டப்படிப்பு வேண்டும், குர்ஆனில் பாதி மனப்பாடமாகத் தெரிய வேண்டும். தொழுகையை முன்னின்று நடத்துவதில்லை. பள்ளிவாசல், சிறை, மருத்துவமனை, பள்ளி என்று போய்ப் பெண்களின் சந்தேகங்களுக்குப் பதில் சொல்கிறார்கள். மணவிலக்கு, குழந்தை வளர்ப்பு பற்றியெல்லாம் கேட்க வருகிறவள்தான், மகன் போக்கு மாறியிருப்பதையும் சொல்வாள். அப்படிச் சொன்னதை நேரே காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகிறவர் என்று பேர் வந்துவிட்டால், மறுவாரம் யாரும் வர மாட்டார்கள்.