புதுப்பிப்பு: ஆன்-ரோடு ஆர்சி பந்தயத்தில் புதியவர்கள் ஏன் நிலைப்பதில்லை?

சென்னையில் ஆன்-ரோடு ஆர்சி கார் (ரிமோட்டில் இயங்கும், சமதளத்தில் ஓட்டும் சிறிய பந்தயக் கார்) ஓட்ட வருகிறவர்கள் ஏன் சீக்கிரமே விலகிவிடுகிறார்கள் என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் விலையைத்தான் சொன்னீர்கள். அதுவும் சரி, ஆனால் எனக்கு இடம்தான் பெரிய தடையாகத் தெரிகிறது. 1/10 டூரிங் காருக்கும் (நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள ஆன்-ரோடு கார்) தரைக்கும் நடுவே 5 மில்லிமீட்டர் அளவுதான் இடைவெளி, நம் தெருவில் ஒரு ஜல்லி தட்டினாலே கார் பல்டி அடித்துவிடும், அதனால் பக்கி (கரடுமுரடான தரையிலும் ஓடும் ஆர்சி கார்) வாங்கியவர் வீட்டு வாசலிலேயே பழகிக்கொள்ள, டூரிங் கார் வாங்கியவர் ஏதாவது பார்க்கிங்கில் அனுமதி கேட்டு அலைகிறார்.

சமீபத்தில் ஒரு தம்பி, "அண்ணா, நேராகவே போக மாட்டேங்குது" என்றான். டயரைத் தொட்டால் விரலெல்லாம் மாவு மாதிரி தூசி. டயரைத் துடைத்துவிட்டு, எல்லோருமாகத் தரையைப் பெருக்கினோம், அப்புறம் அதே கார் வளைவில் ஒட்டிக்கொண்டு போனது! செட்டப் (சஸ்பென்ஷன் போன்றவற்றைச் சரிசெய்வது) எல்லாம் அதற்குப் பிறகுதான்.

செலவுக்கு என் யோசனை: டாமியா நிறுவனத்தின் டிடி-02 டூரிங் கார், எல்லோருக்கும் ஒரே டயர், 21.5 டர்ன் பிரஷ்லெஸ் மோட்டார் (கம்பிச் சுற்று அதிகம் என்பதால் வேகம் குறைவு), இஎஸ்சி-யில் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) கூடுதல் வேகம் தரும் டைமிங் பூஜ்யம். வேகம் குறைவாக இருந்தால் பாகங்களும் குறைவாகவே உடையும். மேடுபள்ளம் இல்லாத தார்த்தளமோ கான்கிரீட் தளமோ தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள், நானே போய்ப் பேசுகிறேன்.