விறகு பிளக்கும் எந்திரத்து எக்கிக்கு (பம்புக்கு) என்ன பெயர்?

> 'டூ ஸ்டேஜ் பம்ப்' என்பதை 'இருகட்ட எக்கி' என்றே வைக்கலாமே? போர்வெல் பம்புக்குப் 'பலகட்ட எக்கி' என்று முன்பே எழுதியிருக்கிறோம்.

ஐயா, வணக்கம்.

அங்கேதான் எனக்கு இடிக்கிறது. போர்வெல் பம்பில் ஓர் இம்பெல்லர் (சுழல் சக்கரம்) தள்ளிய தண்ணீரை அடுத்தது வாங்கி மேலே தள்ளும்; கட்டத்துக்குக் கட்டம் அழுத்தம் கூடும். இந்த எக்கியில் அப்படி எதுவும் இல்லை. பெரிதும் சிறிதுமாக இரண்டு பற்சக்கர இணைகள் சேர்ந்தே சுழல்கின்றன. இவை தள்ளும் எண்ணெய்தான் சிலிண்டர் வழியாக ஆப்பைக் கட்டைக்குள் செலுத்துகிறது. ஆப்பு கட்டையைத் தொடும்வரை இரண்டும் எண்ணெய் தள்ளும். கட்டை எதிர்த்து அழுத்தம் ஏறியதும் உள்ளிருக்கும் வால்வு திறந்து, பெரிய இணையின் எண்ணெயை உறிஞ்சும் பக்கத்துக்கே திருப்பிவிடும். பிறகு சின்னது மட்டும்தான் மல்லுக்கட்டும்.

அமெரிக்காவில் வீட்டிலேயே இந்த எந்திரம் செய்பவர்கள் பலர் வாங்குவது நிமிடத்துக்கு 11 கேலன் எக்கி, அதாவது சுமார் 42 லிட்டர். 650 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) வாக்கில் அது 3 கேலனாகக் குறையும். 4 அங்குல சிலிண்டரில் 24 அங்குலம் போக, முதல் ஓட்டத்தில் 7 நொடி. குறைந்த ஓட்டத்தில் 26 நொடி. ஆனால் 2,500 பிஎஸ்ஐயில் தள்ளுவிசை 14 டன். ஒற்றை இணையை வைத்து 11 கேலனையும் அந்த அழுத்தத்தில் தள்ள 16 குதிரைத்திறன் வேண்டும். இதற்கோ இழப்பையும் சேர்த்து 6 போதும். சின்ன எஞ்சின்காரர்கள் இதைத் தேர்ந்தெடுப்பதே அதற்காகத்தான்.

கணு விழுந்த புளியங்கட்டையை வைத்துப் பார்த்தேன். விறுவிறுவென்று வந்த ஆப்பு, கணுவில் ஏறியதும் நடை தளர்ந்தது. எஞ்சின் சத்தம் கனத்தது. நார் ஒவ்வொன்றாக அறுந்து கட்டை வாய் பிளந்தது. அழுத்தம் எக்கியிலிருந்து வரவில்லை, கட்டையின் எதிர்ப்பிலிருந்து வந்தது. எக்கி தருவது பாய்வு மட்டுமே. மாறுவதும் அதுதான். ஆகவே பெயரும் அதிலிருந்தே வரட்டும்: இருபாய்வு எக்கி.

'இருவேக' என்றால் எக்கியைச் சுழற்றும் தண்டின் வேகம் மாறுவதாகப் படும். 'ஈரோட்ட' என்று எழுதினால் ஈரம்தான் நினைவுக்கு வரும். திருப்பிவிடும் அந்த வால்வைச் 'சுமைவிடு வால்வு' எனலாம். ரிலீஃப் வால்வு வேறு; அது மிகையழுத்தத்திலிருந்து குழாயையும் சிலிண்டரையும் காப்பது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிடக் கூடாது.

---

தம்பி, போர்வெல் உவமையை நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன், 'இருகட்ட'வை எடுத்துவிடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். லேத் பட்டறையில் 'எக்கி' என்று கேட்டால் கடைப்பையன் விழிப்பான். 'இருபாய்வு' என்ற அடையில்தான் நம் உழைப்பு இருக்கிறது. பின்னால் பம்பு வந்தாலும் அது நிற்கும். நம் கலைச்சொல் பட்டியலில் 'இருபாய்வு எக்கி' என்று முதலிலும் 'இருபாய்வுப் பம்பு' என்று பக்கத்திலும் போடுகிறேன். சுமைவிடு வால்வுக்கு நீங்களே இரண்டு வரி விளக்கம் எழுதி அனுப்புங்கள்.